எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுமா? ஏன் நேரே மேலே ஏறுவதில்லை?

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, இரவு 9.10
கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"சில வருடங்களுக்கு முன் தித்திவங்சா ஏரிக்கரையில் மகனோடு சுற்றுலா ஹெலிகாப்டரில் ஏறினேன். நேற்று அந்தப் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். விமானி ஓர் ஆள் உயரம்கூடத் தூக்கவில்லை. மூக்கைச் சாய்த்துக்கொண்டு புல்லை உரசுவதுபோல முன்னால் ஓட்டினார், அப்புறம்தான் மேலே போனார். நேராக மேலே ஏறத்தானே ஹெலிகாப்டர்? விமானமாவது எஞ்சின் நின்றால் மிதந்து இறங்கும், இது கல் மாதிரி விழும். அப்படியிருக்க, சீக்கிரம் உயரம் பிடிக்காமல் தரையோடு ஓட்டுவது ஆபத்து இல்லையா அண்ணே?"

3 ஆகஸ்ட், இரவு 10.30
கல் மாதிரி விழாது தம்பி. அந்த விமானி செய்ததுதான் சரி.

சுபாங்கில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் 19 வருடம் இருந்தேன். இடையில் சொந்தச் செலவில் 40 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பயிற்சியும் எடுத்தேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் உடனே நின்றுவிடுகிறதா? இல்லை, தன்பாட்டுக்கு உருளும். ஹெலிகாப்டரிலும் எஞ்சினுக்கும் மேலே சுற்றும் ரோட்டாருக்கும் நடுவே அதே மாதிரி ஒரு கிளட்ச் இருக்கிறது. எஞ்சின் நின்றால் ரோட்டார் அதிலிருந்து விடுபட்டுத் தனியாகச் சுற்றும். விமானி இடக்கையில் பிடித்திருக்கும் கலெக்டிவ் லிவரை உடனே கீழே இறக்கிவிடுவார். பிளேடுகளின் சாய்வு குறையும். ஹெலிகாப்டர் இறங்க ஆரம்பித்ததும் காற்று கீழிருந்து மேலாக ரோட்டாருக்குள் புகுந்து அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இதைத்தான் ஆட்டோரொட்டேஷன் என்கிறோம்.

கெப்போங் வன ஆய்வு நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். கெருயிங் மரத்து விதைக்கு இரண்டு இறக்கை உண்டு, உதிரும்போது சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்கும். அதற்கு எந்த எஞ்சினும் கிடையாது.

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு கையிருப்பு வேண்டும். கீழே இறங்கும் நேரத்தில் காற்றை ரோட்டாருக்குள் வாங்க உயரம் வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணிக்க முன்னோக்கிய வேகம் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் எஞ்சின் நின்றால் விமானியின் கையில் எதுவும் இல்லை. நேராக மேலே ஏறுவது என்றால் சரியாக அந்த இடத்தின் வழியாகத்தான் போகவேண்டும். 100 அடி உயரத்தில் வேகமே இல்லாமல் அசையாமல் நிற்கும் ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வயிறு இறுகும்.

ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் உயரத்தையும் வேகத்தையும் வைத்து ஒரு படம் இருக்கும். அதில் நிழலிட்ட பகுதிக்குள் இருக்காதே என்று அர்த்தம். அசையாமல் நிற்கும்போது அந்த நிழல் ஏறத்தாழ 10 அடியில் தொடங்கிச் சில நூறு அடிவரை போகும். வேகம் கூடக்கூட மெலிந்து, ஓர் அளவுக்குப் பிறகு மறைந்துவிடும். விமானிகள் பேச்சில் அதற்குப் பெயர் 'செத்தவன் வளைவு'. நீங்கள் வீடியோவில் பார்த்தது அந்த வளைவுக்கு அடியில் நுழைந்து வெளியேறும் பாதை. முதலில் தாழ்வாக ஓடி வேகம் சேர்ப்பார்கள், அப்புறம் அந்த வேகத்தோடு உயரத்துக்குப் போவார்கள்.

3 ஆகஸ்ட், இரவு 11.05
ஒரு திருத்தம், தூங்கப் போகுமுன் எழுதிவிடுகிறேன். 'கலெக்டிவை உடனே இறக்கு' என்று மேலே எழுதினேன். அது உயரத்தில் இருக்கும்போது. 4, 5 அடியில் ஹோவரில், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில், நிற்கும்போது எஞ்சின் நின்றால் இறக்கக் கூடாது. இறக்கினால் அடித்துக்கொண்டு விழும். அங்கே லிவரை இருந்த இடத்திலேயே வைத்து, வண்டி அமர ஆரம்பித்ததும் மெல்லத் தூக்கவேண்டும். ரோட்டாரில் மிச்சமிருக்கும் சுழற்சிதான் மெத்தை. இரண்டு நிலைக்கும் கை எதிரெதிராக வேலை செய்யவேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

4 ஆகஸ்ட், காலை 7.20
'தாழ்வாக ஓடுவதுதான் பாதுகாப்பு என்றால் 5 அடியிலேயே நல்ல வேகம் எடுத்துவிட்டு ஏறலாமே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் கூடாது. அந்தப் படத்தில் வலப்பக்கம் கீழே இன்னொரு நிழல் உண்டு, அதிக வேகமும் மிகத் தாழ்வும் சேரும் இடம். அங்கே எஞ்சின் நின்றால் மூக்கைத் தூக்கக்கூட இடமில்லை, வால் போய்த் தரையில் அடிக்கும். சரியான பாதை இந்த இரண்டு நிழலுக்கும் நடுவே போகிறது. ஆர்44 என்ற நாலு பேர் உட்காரும் ரகத்தில் தரையோரமாக 40, 45 நாட்ஸ் பிடித்து, மெல்ல உயர்ந்து 60 நாட்ஸில் ஏறச் சொல்லிக்கொடுத்தார்கள். 60 நாட்ஸ் என்றால் மணிக்கு 111 கிலோமீட்டர்.

தரையோரம் ஓடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தரைக்குப் பக்கத்தில் ரோட்டார் தள்ளும் காற்று சிதறிப்போக முடியாததால் குறைந்த சக்தியிலேயே மிதக்கலாம். ஏறத்தாழ ஒரு ரோட்டார் விட்டத்துக்கு மேலே போனால் அந்த உதவி போய்விடும். பிறகு 16 முதல் 24 நாட்ஸுக்குள் ஒரு குலுக்கல் வரும். ரோட்டார் தான் கலக்கிய காற்றை விட்டுவிட்டுப் புதுக் காற்றுக்குள் நுழையும் கணம் அது. வண்டி தானாகவே தூக்கும். முதல்முறை அதை உணர்ந்தபோது யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டது போல இருந்தது.

4 ஆகஸ்ட், இரவு 8.45
பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கமிருந்து ஓர் அக்கா: "லங்காவியில் ஏறியபோது எல்லாரையும் எடைத் தராசில் நிறுத்தினார்கள். எல்லார் முன்னாலும் எடை பார்ப்பது சங்கடமாக இருந்தது. நாலு பேர் உட்கார இடம் இருக்கிறது, நாலு பேர்தானே ஏறினோம்?"

அக்கா, சங்கடம் புரிகிறது. ஆனால் எடை கேட்காமல் ஏற்றுகிறவரிடம் ஏறாதீர்கள். ஆர்44 முதல் ரகத்தில் வண்டி, எண்ணெய் (எரிபொருளைச் சொல்கிறேன்), ஆட்கள் எல்லாம் சேர்த்து 2,400 பவுண்டு, அதாவது 1,089 கிலோதான் உச்சம். அதுவும் எல்லா நாளும் ஒரே மாதிரி தூக்காது. நம் ஊர் வெயிலைப் பாருங்கள். சுபாங் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 90 அடிதான். மதியம் 33 டிகிரி சூட்டில் காற்று அவ்வளவு லேசாகிவிடும், ரோட்டாருக்கு 2,000 அடிக்கு மேல் மலையில் இருப்பது போலத்தான். ஈரப்பதம் அதை இன்னும் கெடுக்கும். கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர், அங்கே போகிற வண்டிக்குக் கணக்கு இன்னும் இறுகும். எடை கூடினால் எஞ்சின் நின்ற பிறகும் அதே கதைதான். இறக்க வேகம் கூடும், நிழல் வளைவு பெரிதாகும்.

5 ஆகஸ்ட், அதிகாலை 5.50
விழிப்பு வந்துவிட்டது, என் முதல் ஆட்டோரொட்டேஷனை எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பினாங்குத் தமிழர், பட்டர்வொர்த்தில் விமானப்படையின் நூரி ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி ஆர்22, இரண்டே பேர் உட்காரும் சின்ன வண்டி. அதன் பிளேடுகள் லேசானவை, சுழற்சியைச் சேமித்து வைக்கும் சக்தி குறைவு. 1,000 அடியில் போய்க்கொண்டிருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைத் திருகி மூடிவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும், முந்தின நாள் முழுக்கப் படித்திருந்தேன். இருந்தும் என் கை நகரவில்லை. மூக்கு இடப்பக்கம் வெட்டியது. ரோட்டார் சுற்று 97 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் ஹாரன் அலறியது. அவர் கை என் கைமேல் விழுந்து லிவரைக் கீழே தள்ளிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இறங்கிய பிறகு விநாடி எண்ணிக் காட்டினார். எனக்கு நெடுநேரம்போலத் தெரிந்தது இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த ரகத்தில் சுற்று 80 சதவீதமும், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கு 1 சதவீதமும் சேர்த்த அளவுக்குக் கீழே போனால் பிளேடுகள் தூக்குவதை விட்டுவிடலாம் என்று கையேடு எச்சரிக்கிறது. அப்படி ஆனபிறகு மீட்க வழியில்லை. அப்போதுதான் உண்மையிலேயே கல்.

ஆகவே தம்பி, நீங்கள் கேட்டதற்கு என் முதல் பதிலை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: கல் மாதிரி விழாது, விமானியின் கை ஒன்றிரண்டு விநாடிக்குள் நகர்ந்தால்.

அவர் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "யோசிக்காதே, கையை இறக்கு. யோசனையைக் கீழே போகும்போது வெச்சுக்கோ."

5 ஆகஸ்ட், மாலை 6.15
மூக்கு ஏன் இடப்பக்கம் வெட்டியது என்று கேட்கிறார்கள். அந்த ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். எஞ்சின் உடலை வலப்பக்கம் திருப்பப் பார்க்கும், அதைத் தடுக்க இடது பெடலை மிதித்தே வைத்திருப்போம். எஞ்சின் போனதும் எதிர்க்க ஆளில்லை, மூக்கு இடப்பக்கம் ஓடும், வலது பெடல் வேண்டும். கப்ரி, எம்ஐ-17 மாதிரி வண்டிகளில் ரோட்டார் மறுதிசை, அங்கே எல்லாம் தலைகீழ். இரண்டு ரகமும் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் காலுக்கு ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

9 ஆகஸ்ட், சனி, காலை 10.40
இரண்டு நாளாக வேலை. அதற்குள் 'ஒற்றை எஞ்சினே வேண்டாம், இரண்டு எஞ்சின் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது' என்று நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். நானும் வேலையில் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு எஞ்சின் வண்டி முழு எடையோடு ஹோவரில் இருக்கும்போது ஒன்று நின்றால், மிச்சமுள்ள ஒன்றால் அதை அங்கேயே நிறுத்தி வைக்க முடியாமல் போகலாம். முன்னோக்கி வேகம் இருந்தால்தான் ஒற்றை எஞ்சினில் பறக்கும். வேகம் சேர்க்கத் திடல் இருந்தால் சரி. கோலாலம்பூரில் கட்டட மொட்டை மாடியில் ஹெலிபேட் இருக்கிறதே, அங்கே? ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மாலையானால் மேசை நாற்காலி போட்டு மதுக்கடையாகிற ஹெலிபேடில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், விளிம்பு தாண்டினால் வெறும் காற்று.

அந்த மாதிரி இடத்தில் கிளம்புவதற்குத் தனி முறை இருக்கிறது. மேலேயும் பின்னாலேயுமாக, வந்த வழியே திரும்புவது போல ஏறுவார்கள். ஹெலிபேட் எப்போதும் விமானியின் கண்முன்னே, காலடிக் கண்ணாடி வழியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். முன்பே கணக்குப் போட்டு வைத்த ஓர் உயரம் உண்டு. அதற்கு முடிவெடுக்கும் புள்ளி என்று பெயர். அதற்கு முன் எஞ்சின் நின்றால் முன்னால் சரிந்து அதே ஹெலிபேடில் இறங்கவேண்டும். அதைத் தாண்டிய பிறகு நின்றால் திரும்பக் கூடாது. மூக்கைக் குத்தி, விழும் உயரத்தை முன்னோக்கிய வேகமாக மாற்றி, தடைகளை 35 அடி இடைவெளியோடு தாண்டி, ஒற்றை எஞ்சினில் நிமிடத்துக்குக் குறைந்தது 100 அடியாவது ஏறிப் போகவேண்டும். அன்றைய எடையும் வெயிலும் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஆளையோ எண்ணெயையோ குறைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

அந்த நேரத்துக்கென்று நல்ல எஞ்சினிலிருந்து வழக்கத்துக்கு மீறிய சக்தியை 30 விநாடிக்கும், அடுத்து 2 நிமிடத்துக்கும் எடுத்துக்கொள்ளச் சில ரகங்களில் அனுமதி உண்டு. எடுத்தபின் அந்த எஞ்சின் எங்கள் மேசைக்கு வரும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று பதிவைப் பார்த்து, கையேடு சொல்கிறபடி பிரிக்கவேண்டும். உயிர் காப்பாற்றிய எஞ்சினைத் திறக்கும்போது ஒரு மரியாதை வரும்.

9 ஆகஸ்ட், இரவு 9.30
காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தப் பின்னேற்ற முறை எல்லாவற்றுக்கும் காப்பு என்ற எண்ணம் வந்துவிடும்போல இருக்கிறது. அது எஞ்சினுக்கு மட்டும் காப்பு.

லெஸ்டர் கால்பந்து ரசிகர்கள் இங்கே நிறைய. 27 அக்டோபர் 2018 அன்று அந்த அணியின் தாய்லாந்து உரிமையாளர் விச்சாயும் மற்ற நால்வரும் இறந்தது இப்படி ஏறும்போதுதான். மைதானத்துக்குள்ளிருந்து ஏடபிள்யூ169 பின்னோக்கி ஏறியது, இரண்டு எஞ்சினும் நன்றாகவே ஓடின. 400 அடிக்கு மேலே வால் ரோட்டாரின் கட்டுப்பாட்டிலிருந்த ஒரு பேரிங் கெட்டு, வண்டி தன்னைத் தானே சுற்ற ஆரம்பித்தது. வேகம் இருந்திருந்தால் வால்பகுதி காற்றில் ஓரளவாவது நேராக நின்றிருக்கும். அந்த உயரத்தில் அந்த வேகத்தில் விமானிக்கு வழியே இல்லை. விசாரணை அறிக்கை 2023இல் வந்தது, நான் வரிவரியாகப் படித்தேன். 19 வருடம் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவனுக்கு அதைப் படித்துவிட்டுச் சாதாரணமாக இருக்க முடியாது.

இன்னொன்று கிளாஸ்கோ, 29 நவம்பர் 2013. போலீஸ் ஹெலிகாப்டர், இரண்டு எஞ்சின். பெரிய தொட்டியில் எண்ணெய் இருந்தது, அதை எஞ்சின்களுக்கான சின்னத் தொட்டிகளுக்கு அனுப்பும் பம்புகள் அணைந்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் நின்றன. கீழே மதுக்கடைக் கூரை. 10 பேர் இறந்தார்கள். இரண்டு எஞ்சின் என்றாலும் எண்ணெய் ஒன்றுதான்.

10 ஆகஸ்ட், காலை 8.00
லுமுட் விபத்து பற்றிக் கேட்டவருக்கு: 23 ஏப்ரல் 2024 அன்று கடற்படையினர் 10 பேரை இழந்தோம், அது ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதியது. 8 நவம்பர் 2020 தாமான் மெலாவாத்தியும் மோதல்தான். இரண்டிலும் எஞ்சின் நிற்கவில்லை, ஆகவே இங்கே நாம் பேசும் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

10 ஆகஸ்ட், மதியம் 2.15
பசியாறிவிட்டு வந்து பார்த்தால் 'நம் ஊரில் எஞ்சின் நிற்க என்ன காரணம்' என்று நல்ல கேள்வி.

பெரும்பாலும் எண்ணெய், எண்ணெயில் தண்ணீர், பராமரிப்பில் விட்டுப்போனது. ஆனால் கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் ஒன்று உண்டு, வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்: பனிக்கட்டி. கோலாலம்பூரில்! கார்புரேட்டர் தொண்டையில் காற்று விரிந்து, பெட்ரோல் ஆவியாகும்போது சூடு சட்டென்று இறங்கும். நம் காற்றில் ஈரம் ஏராளம். மழை பெய்து ஓய்ந்த காலையில், சக்தியைக் குறைத்து இறங்கும்போது, உள்ளே உறைந்து மூச்சை அடைக்கும். பயிற்சியில் ஒரு தரம் எனக்கே எஞ்சின் இரும ஆரம்பித்தது. சூட்டுக்காற்று லிவரை இழுத்ததும் இன்னும் மோசமாக இருமி, கரைந்த தண்ணீரை விழுங்கிவிட்டு, அப்புறம்தான் சீரானது. அந்தச் சில விநாடியில் லிவரைத் திரும்பத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளக் கூடாது.

10 ஆகஸ்ட், மாலை 5.40
பினாங்கு அக்கா மறுபடி: "எவ்வளவு உயரத்திலிருந்து இப்படி எஞ்சின் இல்லாமல் இறங்கியிருக்கிறார்கள்?"

1972இல் பிரான்ஸில் ஜான் புலே என்பவர் லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் ஏறிச் சாதனை படைத்தார். உச்சியில் சக்தியைக் குறைத்ததும் எஞ்சின் அணைந்துவிட்டது, மறுபடி பற்றவில்லை. அங்கிருந்து தரைவரை ஆட்டோரொட்டேஷன்தான், பத்திரமாக இறங்கினார். பாருங்கள், அவருக்கு இருந்த உயரம்! செந்தூல் தம்பியின் விமானிக்கு இருந்தது 5 அடி. இருவருமே வளைவுக்கு வெளியே.

இந்தத் தத்துவத்தை முதலில் பறக்கவிட்டவர் ஸ்பெயினின் ஹுவான் டி லா சியர்வா, 1923இல், ஆட்டோஜைரோவில், அதாவது மேலே உள்ள ரோட்டாரை எஞ்சின் அல்லாமல் காற்றே சுழற்றும் வண்டியில். தாழ்ந்த வேகத்தில் விமானங்கள் விழுவதைத் தடுக்கத்தான் அதைக் கண்டுபிடித்தார். 1936இல் லண்டன் கிராய்டனில் ஒரு பயணிகள் விமானம் மேலெழும்பும்போது விழுந்ததில் இறந்துபோனார்.

16 ஆகஸ்ட், சனி, இரவு 10.10
தம்பி வீடியோவை அனுப்பிவிட்டார், நன்றி. கைப்பேசியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, 'ஏரிப்பக்கம் மரம் இல்லை, அதனால் அந்தப் பக்கம் கிளம்பினார்' என்று தனியாக அவருக்குப் பதில் எழுதினேன். அது தவறு. இன்று பெரிய திரையில் பார்த்தேன். கரையில் கொடிகள் பறக்கின்றன, எல்லாம் நம்மை நோக்கி. காற்று ஏரியிலிருந்து வருகிறது. அவர் எதிர்காற்றுக்காகத்தான் திரும்பியிருக்கிறார். 10 நாட்ஸ் எதிர்காற்று என்றால் ஓடாமலே 10 நாட்ஸ் கையில் வந்த மாதிரி. தண்ணீருக்கு மேலே போவது அவருக்கும் பிடித்திருக்காது, அதனால்தான் வேகம் சேரும்வரை கரைப் புல்லை விடவில்லை.

இன்னொன்றையும் முதலில் தவறவிட்டேன். தூக்கியதும் 5 விநாடிபோல அசையாமல் நிற்கிறார். தலை லேசாகக் கீழே குனிகிறது. சக்திக் காட்டியைப் படிக்கிறார்: இந்த எடைக்கு, இந்த வெயிலுக்கு, நிற்பதற்கே எவ்வளவு செலவாகிறது, மிச்சம் எவ்வளவு என்று. மிச்சம் போதாவிட்டால் அப்படியே அமர்த்திவிட்டு ஒருவரை இறக்கியிருப்பார். பிறகு வலக்கை ஆள்காட்டி விரல், வண்டியைச் சாய்த்துத் திசை காட்டும் சைக்ளிக் தடியை விடாமலே முன்னால் நீள்கிறது, திடலின் கோடியை நோக்கி. என் ஆசிரியரும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் காட்டுவார்: "இப்போ நின்னா அங்கே."

17 ஆகஸ்ட், காலை 6.30
ஒலியைக் கூட்டிவைத்து மறுபடி பார்த்தேன். பின்னிருக்கையிலிருந்து எடுத்ததால் கருவிப்பலகை தெரிகிறது. மூக்கு சாய்கிறது, புல் ஓடுகிறது, வேகமுள் 20 தாண்டும்போது அந்தக் குலுக்கல், படமும் குலுங்குகிறது. முள் 40ஐ நெருங்கும்போது உங்கள் மகன் குரல் தெளிவாகக் கேட்கிறது: "அப்பா, ஏன் இன்னும் மேலே போகல?" நீங்கள் பதில் சொல்லவில்லை. விமானி மூக்கை மெல்ல விடுகிறார், 50, புல் முடிந்து தண்ணீர் வருகிறது, 60. அதற்குள் மரங்களின் தலை கீழே தெரிகிறது. பையன் கேட்டதிலிருந்து எண்ணினேன், 7 விநாடி.

அவன் இப்போது எத்தனையாம் படிவம் படிக்கிறான்? அந்த 7 விநாடியை அவனுக்குப் போட்டுக்காட்டி, முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள்.